நான் மறைத்த டிசம்பர்

கூடத்தில் அருள்ராஜ் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை டபராவில் வைக்கும் சத்தம் உள்ளறைவரை கேட்டது. நான் ரெக்கார்டு பிளேயர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. என் வலது கை ஒலிக் குமிழின் மேல் இருந்தது.

ஆர்கன் படிப்படியாக மேலே ஏறியது. ஏறி நின்ற இடத்தில் குமிழை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். அவசரப்படவில்லை. இசை தானாக ஓய்வதுபோல் ஓய்ந்தது. கூடத்தில் இருந்தவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். பிறகு பதிவுப் பொத்தானை விடுவித்தேன்.

தட்டில் இன்னும் ஐந்து நிமிடத்துக்கு இசை பாக்கி இருந்தது. காசெட்டிலும் இடம் இருந்தது.

“முடிஞ்சிருச்சா சார்?” என்றார் அருள்ராஜ்.

“முடிஞ்சிருச்சு அருள்” என்றேன்.

சென்ற சில வாரங்களாக இந்தப் பத்தியில் ஆய்வகத்து நாட்களைப் பற்றி எழுதிவந்தேன். அதில் நான் செய்த தவறுகள் எல்லாம் கோப்புகளில் இருக்கின்றன. மேலதிகாரிகள் கண்டித்தார்கள், தீர்ந்தது. இந்த வாரம் சொல்லப்போவது எந்தக் கோப்பிலும் இல்லாதது.

ஸ்வெட்டர் கேட்டேன், தட்டு வந்தது

எழுபதுகளின் நடுவில் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவர் ஓராண்டுப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனார். எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கிவரச் சொல்லியிருந்தேன். ஹைதராபாத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று என் மனைவி சரோஜா அப்போதே கேட்டாள். அவர் திரும்பி வந்தபோது, “உங்க அளவு மறந்துபோச்சு, ராமநாதன். பாட்டுக்கு அளவு கிடையாதே” என்று சதுரமான ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

குழுவின் பெயர் ‘டின் அப்சர்வேட்டரி’. ஆல்பத்தின் பெயர் ‘தி சால்ட் காலண்டர்’. ஐந்து இளைஞர்கள் சேர்ந்து செய்தது. அவர்கள் வெளியிட்டதே அந்த ஒரு தட்டுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அட்டையில் ஓர் உப்பளம். பன்னிரண்டு உப்புக் குவியல்கள். நடுவில் குடை பிடித்த ஒருவர், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

நான் கரூர்க்காரன். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். ராக் இசை என்றால் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். புரோகிரஸிவ் ராக் என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை. ஒரு பாட்டை மூன்று நிமிடத்தில் முடித்துவிடாமல், கச்சேரியில் ராகத்தை விரிப்பதுபோல் விரித்து, தாளத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தத் தட்டுதான் எனக்குச் சொன்னது.

முதல் பக்கத்தில் நான்கு பாட்டுகள். சொற்கள் சில இடங்களில் சிறுபிள்ளைத்தனமானவை. நிலாவோடு சதுரங்கம் ஆடுகிற அரசன் என்றெல்லாம் வரும். அதை நான் எப்போதும் மன்னித்துவிடுவேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டால் அரசனெல்லாம் மறந்துபோகும்.

பன்னிரண்டு மாதம், ஒரே மூச்சு

இரண்டாம் பக்கம் இருபத்து நான்கு நிமிடம். ஜனவரியில் தொடங்கி டிசம்பர்வரை மாதத்துக்கு ஒரு பகுதி. இடையில் எங்கும் நிற்காது.

ஜனவரியில் பாஸ் கிடார் மட்டும். பனியில் யாரோ கனமான செருப்போடு தனியே நடப்பதுபோல் இருக்கும். மார்ச்சில் மணிகள். ஏப்ரலில் வயலின்கள் கூட்டமாக வரும். ஆனால் அவை வயலின்கள் அல்ல. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடாவை வைத்த ஒரு கருவி அது. அதனால்தான் அந்த வயலின்களில் சின்ன நடுக்கம், காய்ச்சல் விட்ட உடம்பில் இருப்பதுபோல. எனக்கு அந்த நடுக்கம் பிடிக்கும்.

ஆகஸ்டில் டிரம்ஸ் இறங்கும். அதைக் கேட்டால் நாற்காலியில் உட்கார முடியாது. அக்டோபரில் புல்லாங்குழல் ஒன்று, மழை விட்ட தெருவில் சைக்கிளில் போவதுபோல் போகும். நவம்பரில் ஆர்கன் ஏறத் தொடங்கும். ஒவ்வொரு படியாக, ஒரு படியையும் தாண்டாமல், உச்சிவரை.

பிறகு டிசம்பர். அதை இங்கே சொல்லப்போவதில்லை. கட்டுரையின் கடைசியில்தான் அதைச் சொல்லும் உரிமை எனக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சபை

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட தட்டு ஒருவரிடம் இருந்தால் அவர் ஊரில் ஒரு பெரிய மனிதர். எங்கள் குவார்ட்டர்ஸில் ஞாயிறு காலை ஆறேழு பேர் கூடுவார்கள். எல்லோரும் ஆய்வகத்து ஆட்கள். எழுதாத ஒரு விதி இருந்தது: தட்டு சொந்தக்காரர் வீட்டைவிட்டு வெளியே போகாது. வேண்டியவர் வெற்றுக் காசெட் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். சொந்தக்காரர்தான் தன் கையால் பதிந்து கொடுப்பார்.

அவர்கள் கொண்டுவந்தவை தொண்ணூறு நிமிடக் காசெட்டுகள். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஆல்பத்தை ஒரே பக்கத்தில் அடக்கி, மறுபக்கத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். ஆல்பமோ ஐம்பது நிமிடத்துக்குப் பக்கம். அதனால் நவம்பர் முடியும் இடத்தில் நாடா தீர்ந்துவிடும். டிசம்பர் வேண்டுமென்றால் என் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

“சார், டிசம்பர் கேட்க வந்தோம்” என்று வாசலில் நின்று சொல்வார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு பிடித்திருக்கக் கூடாது என்று அப்போது தோன்றவில்லை.

“அந்தத் தட்டை யாராவது தொட்டா, பெத்த பிள்ளையைக் கிள்ளிட்ட மாதிரி பதறுறீங்க” என்பாள் சரோஜா.

ஏழு

எங்கள் பகுதியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். தட்டு மந்தமாகச் சுற்றும், பாடுகிறவர் குரல் கட்டியவர்போல் ஆவார். ஒரு ஸ்டெபிலைசர் செய்து தர நாச்சாரத்தில் மின்மாற்றித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரை அனுப்பினார்கள். அவர்தான் அருள்ராஜ். என்னைவிட மூன்று வயது இளையவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். இரண்டு தலைமுறையாகச் சிக்கந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார்.

அன்று சனிக்கிழமை. நான் இரண்டாம் பக்கத்தைப் போட்டிருந்தேன். ஸ்குரூடிரைவரோடு குனிந்திருந்தவர் ஆகஸ்டு வந்ததும் நிமிர்ந்தார். விரலால் தொடையில் தட்டினார்.

“ஏழா எண்ணுறாங்க சார்” என்றார்.

“என்னது?”

“மூணும் நாலும். பாருங்க, தகிட தகதிமி. எங்க கொயர்ல இப்படி ஒரு பாட்டு வந்தா பசங்க ஓடியே போயிருவாங்க.” சிரித்துவிட்டு ஒயரை முறுக்கப் போனார். வேலைக்காக ஃபியூஸைப் பிடுங்க வேண்டியிருந்ததால் தட்டு அங்கேயே நின்றுபோயிற்று.

அவர் போன பிறகு நான் எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். சுத்தமான மிஸ்ர சாபு. என் அப்பா என்னை நான்கு வருடம் மிருதங்க வகுப்புக்கு அனுப்பினார். அந்தத் தட்டை நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சபையில் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். எனக்குக் கேட்காதது அவருக்கு ஒரே தடவையில், பல்லில் ஒயரைக் கடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காசெட்டோடு வந்து நின்றார். அறுபது நிமிடக் காசெட். பக்கத்துக்கு முப்பது. தட்டின் ஒவ்வொரு பக்கமும் முழுதாக அடங்கும், இடமும் மிஞ்சும். அன்றுதான் நான் குமிழைத் திருப்பினேன்.

ஞாயிறு காலை சர்ச்சில் இருக்கிறவர் எங்கள் சபைக்கு வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். காசெட்டின் உறையில் மாதங்களின் பெயரை என் அழகான கையெழுத்தில் நவம்பர்வரை எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். “சார், தப்பா நினைக்காதீங்க. கடைசில ஏதோ குறையுது. மேலே ஏறிப் போய் அந்தரத்துல நிக்குது. வீட்டுக்குத் திரும்பி வரல.”

“அதுதான் அருள் இதோட அழகே. முடிக்காம விட்டிருக்காங்க.”

“காலண்டர்னா பன்னெண்டு மாசம் இல்லியா?”

“பதினொண்ணோட நிறுத்தியிருக்காங்க பாருங்க. வேணும்னே செஞ்சது. பெரிய தைரியம் அது.”

“ஹவ் சார்” என்றார் மெதுவாக. ஆமாம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல் அது. “நீங்க படிச்சவங்க. நீங்க சொன்ன பிறகுதான் புரியுது.”

அந்த முகத்தில் இருந்தது நன்றி. அதை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசை

உடனே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரக் கோபத்தோடு போயிருக்கும். ஒரு வருடம் தள்ளினேன். அதற்குள் நண்பர்களாகிவிட்டோம். என் மகள் பிறந்தபோது மருத்துவமனையில் இரவும் பகலும் இருந்தவர் அவர் மனைவி மேரி. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிளம் கேக் வரும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குச் சரோஜா கரும்பு அனுப்புவாள். ஐந்து வருடம், பத்து வருடம் ஆன பிறகு எந்த முகத்தோடு சொல்வது?

இடையில் தட்டுகளின் காலம் போயிற்று. சபை கலைந்தது. ‘டின் அப்சர்வேட்டரி’யை உலகமே மறந்தது. தட்டு எங்கும் கிடைக்கவில்லை. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாகவும் இருந்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் நடந்தது. எனக்கும் டிசம்பர் போய்விட்டது. நவம்பர் முடிந்ததும் என் கை தானாகப் போய் முள்ளைத் தூக்கிவிடும். என் வீட்டுத் தட்டில், யாரும் இல்லாதபோதுகூட, என்னால் அதைக் கேட்க முடியவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால் மேரி இறந்தார். அடக்க ஆராதனையில் அருள்ராஜே ஆர்கன் முன்னால் உட்கார்ந்தார். வேண்டாம் என்று போதகர் சொல்லியும் கேட்கவில்லை. கீர்த்தனைகள் முடிந்த பிறகு, எழுந்துவிடுவார் என்று நினைத்தபோது, ஏறத் தொடங்கினார். நவம்பர். ஒவ்வொரு படியாக. உச்சிக்குப் போய்க் கையை எடுத்தார். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதான் சார் சொல்லிக் கொடுத்தீங்க. முடிக்காம விடறதும் ஒரு முடிவுதான்னு. அதை வெச்சுத்தான் நான் இன்னிக்கு நின்னுட்டு இருக்கேன்.”

நான் தலையை ஆட்டினேன்.

ரூபியின் போன்

சில வாரங்களுக்கு முன் அருள்ராஜின் மகள் ரூபி போன் செய்தாள். அமீர்பேட்டில் ஒரு மென்பொருள் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கிறாள். பின்னால் மெட்ரோ அறிவிப்பு கேட்டது.

“அங்கிள், டாடிக்கு பர்த்டே வருது. அவரோட அந்த ஃபேவரிட் ஆல்பம், மறுபடி போட்டிருக்காங்க! லண்டன்லேர்ந்து வரவழைக்கலாம். பட் ஒரு டவுட் அங்கிள். இதுல ட்வெல்வ் மந்த்ஸ்னு போட்டிருக்கு. டாடி எப்பவும் லெவன்னுதானே சொல்வாரு? இது அதேதானா?”

“அதேதான்மா” என்றேன். “ஆனா ஆர்டர் போடாதே. ரெண்டு நாள் பொறு.”

போனை வைத்துவிட்டுச் சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“இத்தனை வருஷமும் அவர் கொண்டுவந்த கேக்கைத் தின்னீங்களே, எப்படி இறங்குச்சு?”

“அவருக்கு அது ஒரு ஆறுதலா ஆயிடுச்சு சரோஜா. இப்போ போய் அதையும் பிடுங்கணுமா?”

“ஆறுதலாம். உங்களுக்குப் பயம், அதுக்கு அவர் பேரைச் சொல்றீங்க. பொண்ணு பரிசுன்னு கொடுத்து அவர் தெரிஞ்சுக்கணுமா? நீங்க போறீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?”

நாங்கள் இப்போது இருப்பது போவன்பள்ளி. காய்கறிச் சந்தை லாரிகள் வழிவிட்ட பிறகு ஆட்டோ பிடித்தேன். தட்டு என் மடியில் இருந்தது. வீட்டைவிட்டு அது வெளியே வந்தது அதுவே முதல் தடவை. “கண்ணாடியா சாப்?” என்று ஆட்டோக்காரர் இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். பள்ளங்களில் மெதுவாக இறக்கினார்.

நாச்சாரம், பகல் பதினொரு மணி

யாரோ பழுதுபார்க்கக் கொடுத்துத் திரும்பி வாங்கிப்போகாத ஒரு பிளேயர் அருள்ராஜ் வீட்டில் இருக்கிறது. தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“சார்! கைக்கு சார் இதை எடுத்துட்டு வந்தீங்க? உடைஞ்சிருந்தா?” ‘கைக்கு’ என்றால் இந்த ஊரில் ‘எதற்கு’.

“உக்காருங்க அருள். ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிறவரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க.”

சொன்னேன். குமிழ், நாடாவில் மிஞ்சிய இடம், உறையில் நான் எழுதிய பதினொரு பெயர், அவருக்கு நான் சொன்ன விளக்கம் எல்லாவற்றையும். அவர் தட்டை வாங்கி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, இரண்டாம் பக்கத்தைப் போட்டார்.

இருபத்து நான்கு நிமிடமும் அசையாமல் இருந்தார். நவம்பர் உச்சிக்கு வந்தபோது என் கை எழுந்தது. அதை மற்ற கையால் பிடித்துக்கொண்டேன். டிசம்பர் வந்தது. முடிந்தது. முள் வெற்றுப் பள்ளத்தில் உரசியது.

“இன்னொரு தரம்” என்றார். டிசம்பரை மட்டும் மறுபடி கேட்டார்.

“நல்லாருக்கு” என்றார். “ரொம்ப நல்லாருக்கு.”

முள்ளைத் தூக்கி வைத்தார். “மேரி அடக்கத்தன்னிக்கு நீங்க மூணாவது வரிசைல இருந்தீங்க.”

“ஆமா.”

“நான் அந்தரத்துல விட்டேன். நீங்க கேட்டுட்டு இருந்தீங்க.”

“ஆமா அருள்.”

“ஏன் சார்? மொதல்ல ஏன் செஞ்சீங்க? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?”

“ஏழுன்னு சொன்னீங்க. எனக்கு அது கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சு.”

சிரித்தார். நன்றாக இல்லாத சிரிப்பு. “ஏழுக்கா? அது யாருக்கும் கேக்கும் சார். கேட்டிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேனே.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் மனம் வேறிடத்தில் இருந்தது.

“எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கேன் தெரியுமா? அந்தக் காசெட்லேர்ந்து காப்பி போட்டு, கொயர் பசங்களுக்கு, எங்க ஃபாக்டரி வைண்டிங் ஷாப்ல கூட வேலை பார்த்தவங்களுக்கு. முடிக்காம விட்டதுதான் அழகுன்னு, என்னமோ நானே கண்டுபிடிச்ச மாதிரி. ஒருத்தன் ரொம்ப சண்டை போட்டான், காலண்டர்ல பன்னெண்டு இருக்கணும்னு. அவனை முட்டாள்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும்.”

“பேரைச் சொல்லுங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்றேன்.”

“நக்கோ சார், வேணாம். பாதிப் பேர் எங்கே இருக்காங்கன்னே தெரியாது. நீங்க அந்தப் பத்திரிகைல எழுதறீங்கல்ல? அதுல எழுதுங்க. உங்க பேரோட, என் பேரோட. நான் பைபிள்ல கத்துக்கிட்ட தமிழ்தான், மெதுவாதான் படிப்பேன். ஆனா படிப்பேன். அச்சுல வரட்டும். அப்புறம் வாங்க, பேசலாம்.”

தட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அது அங்கேதான் இருக்கிறது. ரூபியிடம் அவரே சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவள் எனக்குப் போன் செய்யவில்லை.

அந்தக் காசெட் வைத்திருப்பவர்களுக்கு

எனவே இந்தப் பகுதி வழக்கமான வாசகர்களுக்கு அல்ல. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிக்கந்தராபாத்திலோ நாச்சாரத்திலோ அருள்ராஜ் என்பவரிடமிருந்து ‘தி சால்ட் காலண்டர்’ காசெட்டை வாங்கியவர்களே, அந்த இசை நவம்பரில் முடியவில்லை. முடிக்காமல் விட்டதுதான் அழகு என்று அவர் சொன்னது அவர் சொன்னதல்ல, நான் சொன்னது. பொய் என்று தெரிந்தே சொன்னது. பன்னிரண்டு இருக்க வேண்டும் என்று சண்டை போட்டவரே, நீங்கள் சொன்னதுதான் சரி.

டிசம்பரில் முதலில் ஆர்கன் மட்டும் இருக்கும். பக்கம் முழுவதும் வாய் திறக்காத பாடகர் அப்போது சொற்கள் இல்லாமல் முனகத் தொடங்குவார். அதன் அடியில் ஜனவரியின் பாஸ் கிடார் திரும்பி வரும்; ஆனால் பாதி வேகத்தில், வருடம் முழுவதும் நடந்தவரின் நடையில். ஏழும் இல்லை, நாலும் இல்லை. தாளமே இல்லாத ஓர் இடத்தில் இருவரும் ஒரே சுரத்துக்கு வந்து சேருவார்கள். நான் கேட்ட இசையில் இதைவிடப் பெருந்தன்மையான முடிவு இல்லை. ஒன்றையும் நிரூபிக்காது. வந்தவர்களை உட்காரச் சொல்லும்.

புதிய பதிப்பு வந்திருக்கிறது. கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுத வேண்டாம். அருள்ராஜைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.